ஜெபிக்க முடியாதவனுக்கும் விசுவாசம் உண்டா?

பொறையார்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் தோத்திரம். இந்தக் குழுவில் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி சென்ற பங்குனியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் டயாலிசிஸ் செய்துகொண்டாள். வாரத்துக்கு இரண்டு நாள் விடியற்காலை எழுந்து, முதல் பேருந்தைப் பிடித்து, நான்கு மணி நேரம் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, பிற்பகலில் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீடு திரும்புவதே எங்கள் வாழ்க்கையாக இருந்தது. அளந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், ஓர் எவர்சில்வர் டம்ளரின் உட்புறத்தில் ஆணியால் கோடு கீறி, அந்தக் கோடு வரையில்தான் ஊற்றிக் கொடுப்பேன். சித்திரை வெயிலில் அவள் அதை ஒரே மடக்கில் குடித்துவிடாமல், உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு மூடி வைப்பாள். இப்போது நானும் அதே டம்ளரில்தான் குடிக்கிறேன். எனக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஆனாலும் கோடு வந்ததும் கை தானாக நின்றுவிடுகிறது.

அந்த மூன்று ஆண்டுகளும் ஜெபித்தோம். சபையார் ஜெபித்தார்கள், சபைப் போதகரான ஐயர் வீட்டுக்கே வந்து இராப்போஜனம் என்கிற திருவிருந்தைக் கொடுத்தார், மகள் உபவாசம் இருந்தாள். அடக்கம் முடிந்து நாற்பதாம் நாள் ஜெபக் கூட்டத்துக்கு உறவினர் ஒருவர் வெளியூர் ஊழியக்காரர் ஒருவரை அழைத்து வந்திருந்தார். கடுகளவு விசுவாசம் இந்த வீட்டில் இருந்திருந்தால் மலை நகர்ந்திருக்கும் என்று அவர் என் முகத்தைப் பார்த்தே பிரசங்கித்தார். நான் எழுந்து போகவில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்தேன்.

அன்று முதல் சொந்த வார்த்தைகளில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் எதிரில் யாரும் இருப்பதாகத் தோன்றுவதில்லை. ஆனால் ஒரு ஞாயிறும் ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. சிறுவயதில் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த ஜெபங்களை உதடு சொல்கிறது. உள்ளம் எங்கேயோ நிற்கிறது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தரங்கம்பாடிக் கதைகளைக் கேட்டு வளர்கிறவர்கள். 1706 ஜூலை 9 அன்று கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க், டேனிஷ் ஆளுநரின் கோபத்துக்கு ஆளாகிக் கோட்டையில் நான்கு மாதம் அடைபட்டுக் கிடந்ததையும், வெளியே வந்து புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியதையும், 36 வயதிலேயே இறந்துபோனதையும் ஆண்டுதோறும் பிரசங்கத்தில் கேட்கிறோம். சிறுவனாக இருந்தபோது அந்தக் கதை என்னை நிமிர்த்தியது. இப்போது அதைக் கேட்டால் தலை குனிகிறது. உங்களிடம் நான் கேட்பது இதுதான்: என்னிடம் மிச்சம் இருப்பது விசுவாசமா, அல்லது ஐம்பது ஆண்டுப் பழக்கமா?

தஞ்சைக் கீழவாசல் எழுதியது:

ஐயா, உங்கள் துயரத்துக்கு முன்னால் முதலில் மௌனமாக இருப்பதே முறை. ஒரு நாள் முழுவதும் அப்படி இருந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். சொல்லைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது.

நாம் புரொட்டஸ்டண்டு சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்று வருவது, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ என்று மாறியிருக்கிறது. நாம் விசுவாசம் என்பதைக் கத்தோலிக்க அன்பர்கள் நம்பிக்கை என்கிறார்கள். நாம் நம்பிக்கை என்பது அவர்களுக்கு எதிர்நோக்கு. தமிழ்நடை என்ற அளவில் புதிய பெயர்ப்பே எனக்குப் பிடித்தது என்றாலும், இந்த ஓர் இடத்தில் பழைய சொல் கைவிட்டுப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. காரணம், கோயிலுக்கு வெளியே இந்தச் சொல்லை ஊரார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான். நாயை விசுவாசமுள்ள பிராணி என்கிறோம். உண்ட வீட்டுக்கு விசுவாசமாக இரு என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். இந்த இடங்களில் எல்லாம் விசுவாசம் என்பது மனத்துக்குள் எழும் ஓர் உணர்ச்சியைக் குறிக்கவில்லை. விட்டுப் போகாமல் இருப்பதைக் குறிக்கிறது. எசமான் ஊருக்குப் போய்ப் பத்து நாள் ஆனாலும் வாசலில் படுத்திருக்கிற நாயிடம் போய், உன் உள்ளத்தில் நிச்சயம் எத்தனை பங்கு என்று யாரும் கேட்பதில்லை.

கண்ணை மூடினால் எதிரில் யாரும் இல்லை என்கிறீர்கள். ஆனாலும் ஞாயிறுதோறும் போய் அந்த இடத்தில் உட்காருகிறீர்கள். எனக்குத் தெரிந்த தமிழில் அதற்குப் பெயர் விசுவாசம்தான். பழக்கம் என்று அதைத் தாழ்த்திப் பேசுவானேன்? மூன்று ஆண்டு கோடு பார்த்துத் தண்ணீர் ஊற்றினீர்களே, அதுவும் பழக்கம்தான். அந்தப் பழக்கத்தில் அன்பு இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

மன்னார்குடி எழுப்புதல் எழுதியது:

ஐயா, நான் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவன்; வயது 27. உங்கள் வீட்டுக்கு வந்து பேசிய அந்த ஊழியக்காரர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் பேசியது எங்கள் பக்கத்து மேடைகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு என்பதால், அதற்காக நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அதே நேரத்தில் ஆசிரியர் ஐயா எழுதியதை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்குத் தயக்கமாக இருக்கிறது. கேளுங்கள், கொடுக்கப்படும் என்று ஆண்டவர் சொன்னது வெறும் உபசார வார்த்தை அன்று. என் தங்கைக்கு மூளைக்காய்ச்சல் வந்து, நினைவு தப்பி, இனி எங்கள் கையில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்ன இரவில், நாங்கள் எட்டுப் பேர் மருத்துவமனை மாடிப்படியில் முழங்கால்போட்டு விடியும்வரை ஜெபித்தோம். மூன்றாம் நாள் அவள் தண்ணீர் கேட்டாள். இன்று அவளுக்கு ஒரு பெண்குழந்தை இருக்கிறது. இதை நான் என்னவென்று சொல்வது? சாட்சியாகச் சொன்னால், அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் இறந்துபோன பிள்ளையின் தாய்க்கு அது ஈட்டிபோல் பாயும் என்று எனக்கும் தெரியும். சொல்லாமல் இருந்தால் நன்றிகெட்டவன் ஆகிவிடுவேன்.

என் அச்சம் ஒன்றே. யாரையும் புண்படுத்தக் கூடாது என்பதற்காக வாக்குத்தத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே போனால், கடைசியில் கடவுளிடம் எதையுமே கேட்காத ஒரு பக்குவத்துக்கு வந்து சேர்ந்துவிடுவோம். அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ‘விட்டுப் போகாமல் இருத்தல்’ மட்டும் போதும் என்றால், எதிர்பார்த்தல் எங்கே போயிற்று?

அக்கரைப்பேட்டை அக்கா எழுதியது:

தம்பி, எதிர்பார்த்தல் எங்கே போகும் என்று கேட்டாயே, நான் சொல்கிறேன். அது கடலுக்குள் போகும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள்தான் கிறிஸ்துமஸ். என் மகனுக்கு வயது ஆறு. புதுச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து அதிலேயே படுத்துத் தூங்கி, அதோடேயே எழுந்து கரைக்குப் போனான். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் அன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் கணக்கில் ஒன்று அவன். சட்டையின் இரண்டாவது பொத்தான் கடையிலேயே விட்டிருந்தது. வீட்டில் வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்ததால் நீல நூலால் தைத்துக் கொடுத்திருந்தேன். அந்த நீல நூலை வைத்துத்தான் மூன்றாம் நாள் அவனை அடையாளம் சொன்னேன்.

வேளாங்கண்ணிக் கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, அது மாதா செய்த அற்புதம், புதுமை என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் திருவிழாக் காலமாதலால் எங்கெங்கிருந்தோ வந்து, வெளியே கடற்கரையில் நின்றிருந்த யாத்திரிகர்கள் எத்தனை பேரை அந்தத் தண்ணீர் கொண்டுபோயிற்று! புதுமை என்ற சொல்லை யாராவது என் வீட்டு வாசலில் சொன்னால் கதவைச் சாத்திவிடுவேன். ஆறு ஆண்டு நான் ஜெபமாலையைத் தொடவில்லை.

என் மாமியார் தினமும் மாலை ஏழு மணிக்கு விளக்கேற்றி ஜெபமாலை சொல்லுவார். எங்கள் முறையில் ஒருவர் ‘அருள்நிறைந்த மரியே’ என்று முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் ‘புனித மரியே’ என்று மறுபாதியைச் சொல்ல வேண்டும். வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருப்பேன். வாய் திறக்க மாட்டேன். அவர் என்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. முதல் பாதியைச் சொல்லிவிட்டு, மறுபாதியைத் தானே சொல்லி முடிக்காமல், அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருப்பார். பிறகு அடுத்த மணிக்குப் போவார். ஐம்பத்து மூன்று மணிக்கும் அப்படியே. எனக்குரிய இடத்தை யாருக்கும் கொடுக்காமல் ஆறு ஆண்டு காலியாக வைத்திருந்தார். ஒரு நாள், எந்த விசேஷமும் இல்லாத ஒரு நாள், நான் அடுப்படியிலிருந்தே பதில் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மணியை உருட்டினார்.

பங்குத்தந்தை ஒருவர் பின்னொரு நாள் சொன்னார். கல்கத்தாவின் அன்னை தெரசா எழுதிய கடிதங்கள் அவர் இறந்து பத்து ஆண்டு கழித்து, 2007இல் வெளிவந்தபோது, ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அவர் உள்ளத்தில் கடவுள் இருப்பதாகவே உணராமல் வாழ்ந்தார் என்பது தெரியவந்ததாம். அதைக் கேட்டபோது ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் பொய். கோபம்தான் வந்தது. அவருக்கே அப்படியென்றால் எங்களுக்கு என்ன என்று கேட்டேன். ஆனால் அந்த ஐம்பது ஆண்டும் அவர் எழுந்து வேலைக்குப் போனார் என்பதை மறக்கவும் முடியவில்லை.

அண்ணன் அவர்களே, நீங்கள் ஜெபிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், போதும்.

குடந்தை வாசகன் எழுதியது:

நான் விசுவாசத்தை விட்டு வெளியே வந்தவன். ஒரு காலத்தில் பூசைக்கு உதவிசெய்த பீடச் சிறுவன். இந்த இழையில் நுழையத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. ஆயினும் அக்கா எழுதியதை வாசித்தபின் சும்மா போக மனம் வரவில்லை.

எனக்குள்ள சிக்கல் இது. பிள்ளை பிழைத்தால் சாட்சி, இறந்தால் சித்தம். எது நடந்தாலும் கணக்கு ஒரே பக்கம்தான் வரவு வைக்கப்படுகிறது. எதனாலும் அசையாத ஒன்றைப் பலம் என்று பாராட்டுவதற்கு முன், அது எதற்குமே செவிகொடுக்காததாகவும் இருக்கலாம் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். சீட்டுக்கட்டை விடாத சூதாடியும் விட்டுப் போகாதவன்தானே? ஆகவே உறுதியாக நிற்பது தன்னளவிலேயே ஒரு பெருமை என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கே நிற்கிறோம் என்பதுதான் கேள்வி.

பொறையார் ஐயாவுக்கு ஒன்று. அந்த டம்ளரில் நீங்கள் வைத்திருப்பது முழுமையான ஓர் அன்பு. அதற்கு மேலே இன்னொரு பெயரை ஒட்டித்தான் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில்லை. விசுவாசம் போய்விட்டதே என்ற குற்றவுணர்ச்சி உங்கள் துக்கத்தின் மேல் இன்னொரு சுமையாக ஏறியிருப்பதாகத் தெரிகிறது. அதை இறக்கிவைக்க உங்களுக்கு உரிமை உண்டு.

வெட்டாற்றுப் பாலம் எழுதியது:

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு மறுப்பு. மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

விசுவாசம் என்ற சொல்லை நீங்கள் நாயிலிருந்து எடுத்தீர்கள். அந்தச் சொல் எங்கள் குடும்பத்தில் எப்படிப் புழங்கியது என்பதையும் கேளுங்கள். என் தாத்தா கீழத்தஞ்சையில் பண்ணையாள். அவரை மிராசுதார் வீட்டில் விசுவாசமான ஆள் என்பார்கள். அதன் பொருள், கூலி குறைந்தாலும் கேட்க மாட்டார், அடித்தாலும் வேறு பண்ணைக்குப் போக மாட்டார் என்பதே. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்த பிறகுதான் காரணம் சொல்லாமல் ஆளை வெளியே தள்ளுவதற்கு ஒரு தடை வந்தது. ஆகவே ‘விட்டுப் போகாமை’ என்பதைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வயல் வரப்புதான். கோயில் அதற்குப் பிறகு.

கோயிலுக்குள்ளும் வரப்பு இருந்தது. தரங்கம்பாடிக் கதைகளில் சீகன்பால்க் பெயர் வருகிறது. 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ்ப் போதகரான ஆரோன் பெயர் வருகிறது. இராஜநாயக்கன் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? தஞ்சை மன்னரின் படையில் சேவகராக இருந்தவர். கத்தோலிக்கராகப் பிறந்து, வேதத்தைத் தாமே வாசித்து, லுத்தரன் சபையில் சேர்ந்து, குருப்பட்டம் இல்லாமல் போதிக்கிற உபதேசியார் ஆனவர். தஞ்சைச் சீமையில் ஊர் ஊராகச் சபைகள் உண்டாக உழைத்தவர். 1741இல் இரண்டாவது தமிழ்ப் போதகரைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது, பறையர் குலத்தில் பிறந்தவர் கையால் இராப்போஜனம் வாங்க மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று அவரை ஒதுக்கிவிட்டு, வேறொருவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். இராஜநாயக்கன் அதற்குப் பிறகும் ஏறக்குறைய முப்பது ஆண்டு உபதேசியாராகவே ஊழியம் செய்து இறந்தார்.

சிறையில் நான்கு மாதம் இருப்பதைவிட இது கடினம் என்பது என் கருத்து. சிறையில் அடைத்தவன் எதிரி என்று தெரியும். இங்கே அடைத்தது சபை.

இதை நான் பெருமையாகவும் சொல்லவில்லை. அவர் கோபித்துக்கொண்டு வெளியேறியிருந்தால் அதையும் நான் மதிப்பேன். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரானவருக்கு அட்டவணைச் சாதிச் சலுகை கிடையாது. பின்னர் 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது திறந்துவிடப்பட்டது, நமக்கு இல்லை. சான்றிதழில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று வாழ்கிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பிள்ளைக்கு வேலை வேண்டும். என் அப்பா சான்றிதழுக்காகத் தம் கிறிஸ்தவப் பெயரை மாற்றாமல் இருந்தார். அதனால் நான் இழந்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதி பிரித்து நிற்கிற சுவருக்கு இந்தப் பக்கத்தில்தான் அவரைப் புதைத்தோம்.

குடந்தை நண்பர் கேட்டது சரியான கேள்வி. எங்கே நிற்கிறோம்? நான் அந்தச் சுவருக்கு விசுவாசமாக இல்லை. சுவரைக் கட்டியவர்கள் வாசிக்கிற அதே வேதத்தில், பாளயத்துக்குப் புறம்பே கொண்டுபோய்க் கொல்லப்பட்ட ஒருவர் இருக்கிறார். அவரை விட்டுப் போகத்தான் எனக்கு மனம் வரவில்லை.

தஞ்சைக் கீழவாசல் எழுதியது:

வெட்டாற்றுப் பாலம் அவர்களே, நீங்கள் சொன்னது எனக்குச் சுட்டது, சுட வேண்டியதுதான். நாய் உவமையைத் திரும்பப் பெறுகிறேன். வகுப்பறையில் நாற்பது ஆண்டு அந்த உவமையைச் சொல்லியிருக்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டவர்களின் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு முறையும் யோசித்ததில்லை.

வேறொரு பாதையில் போய்ப் பார்க்கிறேன். நீதிமான் தன் விசுவாசத்தினால் பிழைப்பான் என்று ஆபகூக் தீர்க்கதரிசி எழுதும்போது அங்கே உள்ள எபிரெயச் சொல் ‘எமுனா’. இதே சொல் யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில் முற்றிலும் வேறோர் இடத்தில் வருகிறது. அமலேக்கியரோடு போர் நடக்கிறது, மோசே மலையுச்சியில் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார், கை அசந்துபோகிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் மறுபக்கமும் கையைத் தாங்கிக்கொள்கிறார்கள். சூரியன் மறையும்வரை அவர் கைகள் ஒரே நிலையாயிருந்தன என்று நம் மொழிபெயர்ப்பு சொல்கிறது. அந்த ‘ஒரே நிலை’ என்பதுதான் எமுனா. வேதத்தில் மனிதர்மேல் அந்தச் சொல் முதன்முதலாக வருகிற இடத்தில், அது ஒருவர் மனத்துக்குள் இருக்கும் உறுதியைக் குறிக்கவில்லை. தளர்ந்துபோன கையை அடுத்தவர் தாங்கிப் பிடித்ததால் வந்த நிலை அது. அக்காவின் மாமியார் செய்தது வேறு என்ன?

மன்னார்குடித் தம்பிக்கு. உன் தங்கைக்காக நன்றி சொல், நாங்களும் சொல்கிறோம். எதிர்பார்ப்பதை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிடைக்காதவனிடம் விசுவாசம் குறைவு என்று கணக்குப் பார்க்கும் வேலையை வேதம் யாருக்கும் கொடுக்கவில்லை. எத்தனையோ பேரைக் குணமாக்கிய பவுல் தம் கடைசி நிருபத்தில், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறார். யாருடைய விசுவாசம் குறைந்தது என்று அங்கே விசாரணை இல்லை. கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய இடத்தில், இயேசு ‘அவர்கள் விசுவாசத்தை’க் கண்டார் என்றுதான் மாற்கு எழுதுகிறார். கட்டிலில் கிடந்தவன் என்ன நினைத்தான் என்று யாரும் கேட்கவில்லை.

குடந்தை நண்பருக்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். யோபுவின் கதையில், எது நடந்தாலும் கடவுள் பக்கமே வரவு வைத்துப் பேசியவர்கள் அவருடைய நண்பர்கள். கணக்கு ஒத்துவரவில்லை என்று கத்தியவர் யோபு. முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டது நண்பர்கள்மேல். என்னைக் குறித்துச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்கிறார். ஆகவே நீங்கள் கேட்ட கேள்வி விசுவாசத்துக்கு வெளியே இருந்து மட்டும் வருகிற கேள்வி அன்று.

பட்டுக்கோட்டைத் தென்னை எழுதியது:

ஆபகூக் பெயரைப் பார்த்ததால் எழுதுகிறேன். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் மகிழ்ச்சியாயிருப்பேன் என்ற வசனத்தை நான் ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் என் தோப்பில் 140 மரத்தைச் சாய்த்தது. நட்டு ஐந்தாறு ஆண்டு காத்திருந்து காய் பார்த்த மரங்கள். அந்த வசனத்தை அதன் பிறகு என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. இன்றும் முழுதாகச் சொல்வதில்லை. அடுத்த அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுபோக ஒன்றும் இல்லாமல், பிழைத்திருந்த ஒரு கன்றடியில் உதிர்ந்து கிடந்த குரும்பை ஒன்றைக் காணிக்கையாக வைத்தேன். அதையும் ஏலத்தில் விட்டார்கள். யாரோ 50 ரூபாய்க்கு எடுத்தார்கள். குரும்பையை வைத்து அவர் என்ன செய்தார் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பொறையார்க்காரன் எழுதியது:

எல்லோருடைய பதிலையும் இரண்டு முறை வாசித்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத இயலவில்லை, மன்னியுங்கள்.

குடந்தை நண்பரே, சுமையை இறக்கிவைக்க உரிமை உண்டு என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது, இந்த எட்டு மாதத்தில் முதன்முறையாக மூச்சு இலகுவாக வந்தது. விசுவாசிகள் யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன். ஆனால் இறக்கிவைத்துவிட்டு எங்கே போவது என்று பார்த்தால், நான் போகிற இடமும் அதே கோயிலாகத்தான் இருக்கிறது. இதற்கு எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

வெட்டாற்றுப் பாலம் அவர்களே, இராஜநாயக்கன் பெயரை எங்கள் கோயிலில் ஐம்பது ஆண்டாக நான் கேட்டதில்லை. அடுத்த ஜூலை 9 நினைவு ஆராதனைக்கு முன் ஐயரிடம் பேசுவேன். பேசிவிட்டு இங்கே எழுதுகிறேன்.

முதல் பதிவில் எழுதக் கூசி விட்டுவிட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன். மனப்பாட ஜெபங்களை உதடு சொல்கிறது என்று எழுதினேன் அல்லவா? அது முழு உண்மை அன்று. பரமண்டல ஜெபத்தில் ‘உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக’ என்ற வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன். எட்டு மாதமாக அந்த வரியை நான் சொல்லவில்லை. ஆராதனையில் என்னைச் சுற்றி நூறு பேர் அதைச் சொல்வார்கள். என் பக்கத்துப் பெஞ்சில் உட்காரும் பெரியவருக்குக் காது மந்தம் என்பதால், எல்லோரையும்விடச் சற்றுப் பிந்தி, உரக்கச் சொல்வார். அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை’ என்ற இடத்தில் நான் சேர்ந்துகொள்வேன். திருட்டுத்தனம் செய்கிறோம் என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். அக்காவின் மாமியாரைப் பற்றிப் படித்த பிறகு, போன ஞாயிறு அந்தப் பெரியவரின் குரலைக் கவனித்துக் கேட்டேன். வரியை இன்னும் நான் சொல்லவில்லை.

மன்னார்குடி எழுப்புதல் எழுதியது:

ஐயா, ஒரு ஞாயிறு உங்கள் கோயிலுக்கு வரலாமா? எங்கள் சபை வழக்கப்படி கைதட்டிப் பாட மாட்டேன்; உங்கள் பாமாலையும் எனக்குத் தெரியாது. ஜெபிக்க வரவில்லை, பிரசங்கிக்கவும் வரவில்லை. உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கத்தான் வருகிறேன்.

பொறையார்க்காரன் எழுதியது:

வாருங்கள் தம்பி. ஆராதனை ஒன்பது மணிக்கு. மன்னார்குடியிலிருந்து அவ்வளவு காலையில் நேர்ப் பேருந்து இருக்காது; சனிக்கிழமை மாலையே வந்துவிடுங்கள், வீட்டில் இடம் இருக்கிறது. மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மீன்குழம்பு நானே வைப்பேன். உப்பு குறைவாக இருக்கும். மூன்று ஆண்டு அப்படியே சமைத்துக் கை பழகிவிட்டது.